ஸ்டெல்த் விமானப் படங்களும் கோத்தகிரி மூடுபனியும்

2025 பிப்ரவரியில் பெங்களூரு யெலஹங்கா விமானப்படைத் தளத்தில் நடந்த ஏரோ இந்தியா கண்காட்சிக்குப் போய் வந்த நண்பர்கள் கொண்டுவந்த படங்களில், ரேடாரில் எளிதில் சிக்காத ஸ்டெல்த் வகை விமானங்கள் மூன்று இருந்தன. ரஷ்யாவின் சுகோய் 57, அமெரிக்காவின் எஃப் 35 ஆகிய இரண்டும் ஒரே கண்காட்சிக்கு வந்திருந்தன. மூன்றாவது, ஏரோநாட்டிக்கல் டெவலப்மென்ட் ஏஜென்சி வடிவமைத்து வரும் நம் நாட்டு ஆம்கா போர் விமானத்தின் முழு அளவு மாதிரி. இரட்டை எஞ்சினும் 25 டன் எடை வகுப்பும் கொண்ட இந்த விமானத்தை உருவாக்குவதற்கு 2024 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவைக் குழு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்திருந்ததால், எங்கள் கோத்தகிரி விமான ஆர்வலர் குழுவில் அதன் படங்களைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அழகு என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த அழகிய கோடுகள் ஏன் அப்படி அமைந்தன என்பதைப் படத்தை வைத்தே எவ்வளவு தூரம் அறிய முடியும் என்று பார்க்கும் ஆசை எனக்கு வந்தது. அதற்காக, ரேடார் அலைக்குப் பதிலாக லேசர் ஒளியை வைத்துக்கொண்டு, அட்டை, கண்ணாடி போலப் பளபளக்கும் தாள், தையல் ஊசி, லேசர் பாயின்டர் ஆகியவற்றைக் கொண்டு செய்து பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ரேடார் எவ்வளவு தூரத்தில் விமானத்தைக் கண்டறியும் என்பது, அந்த விமானம் திருப்பி அனுப்பும் எதிரொலியின் அளவைச் சார்ந்தது. ஆனால் நான்காம் மூலம் என்ற கணக்கில்தான் சார்ந்தது. எதிரொலியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் தூரம் பாதியாகும். 100 கிலோமீட்டரில் தெரியும் விமானம் 10 கிலோமீட்டரில்தான் தெரிய வேண்டும் என்றால் எதிரொலியைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், வடிவமைப்பாளர்கள் ஒரு கதவின் விளிம்பைக்கூட விட்டுவைக்காமல் பல் பல்லாக வெட்டுவதன் அவசியம் எனக்கு முழுமையாக விளங்கியது. எஞ்சியிருக்கும் ஒரே ஒரு சிறு மின்னலும், அதாவது ரேடாரை நோக்கிப் பளிச்சென்று திரும்பும் எதிரொலியும், மற்ற எல்லா உழைப்பையும் கெடுத்துவிடும்.

படத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. 1988 நவம்பரில் அமெரிக்கா தன் எஃப் 117 ஸ்டெல்த் விமானத்தின் தெளிவற்ற ஒரே ஒரு படத்தை வெளியிட்டது. அந்தக் கோணத்தில் சிறகின் பின்சாய்வு உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்ததால், அதைப் பார்த்து ஆர்வலர்கள் வரைந்த வரைபடங்கள் எல்லாம் குட்டையாகவும் அகலமாகவும் அமைந்தன. 67.5 பாகை சாய்ந்த கூர்மையான அம்பு வடிவம் 1990 ஏப்ரலில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே கோணம் அளப்பதற்கு, வெகு தொலைவிலிருந்து நீண்ட லென்ஸால் எடுத்த படங்களையே எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்று கைப்பேசியில் எடுத்த படத்தில் இணைகோடுகள் ஒரு புள்ளியை நோக்கிக் குவிந்துவிடும். தொலைவிலிருந்து எடுத்ததில் அவை ஏறக்குறைய இணையாகவே இருக்கும்.

அட்டை மாதிரிக்கு அமெரிக்காவின் எஃப் 22 ஸ்டெல்த் போர் விமானத்தைத் தேர்ந்தெடுத்தேன். 2005 டிசம்பரிலிருந்து சேவையில் இருப்பதால் அதன் அளவுகள் எல்லோரும் அறிந்தவை: நீளம் 18.92 மீட்டர், சிறகு அகலம் 13.56 மீட்டர், சிறகின் முன்விளிம்புச் சாய்வு 42 பாகை. 1/48 அளவில் இது 39.4 சென்டிமீட்டர் நீளமும் 28.3 சென்டிமீட்டர் அகலமும் ஆகிறது. ஐவரி போர்டில் வெட்டி, மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் ஸ்டிக்கர் தாளை ஒட்டினேன். சமையலறை அலுமினியத் தாள் இதற்கு உதவாது. ஒட்டும்போது விழும் சுருக்கங்கள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துவிடும். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மாத ஈரத்தில் ஐவரி போர்டு ஓர் இரவிலேயே ஓரம் வளைந்துவிடும் என்பதால், இரண்டு அட்டைகளைக் குறுக்கு வாட்டத்தில் ஒட்டி, கனமான புத்தகங்களின் அடியில் வைத்து உலர்த்திய பிறகே வெட்டினேன். சிறகு தட்டையாக இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்கே பொருளில்லை.

மூடுபனி இங்கேதான் பயன்பட்டது. லேசர் கற்றை பட்ட இடம்தான் சாதாரணக் காற்றில் கண்ணுக்குத் தெரியும். கற்றை போகும் வழி தெரியாது. மாலையில் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து ஏறிவரும் மூடுபனி வராந்தாவுக்குள் மெல்ல நுழைந்ததும், லேசரை எரியவிட்டால் காற்றில் சிவப்புக் கம்பி நீட்டியதுபோல முழு வழியும் தெரிந்தது; அட்டையில் பட்டு எந்தத் திசையில் திரும்புகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது. பனி அடர்ந்தால் கற்றை சில அடிகளிலேயே மங்கிவிடும். எதிர்வீட்டுக் கூரை லேசாகத் தெரியும் அளவுக்கான மென்பனிதான் மிகப் பொருத்தம். குறைந்த திறனுள்ள பாயின்டரையே பயன்படுத்த வேண்டும், கண் உயரத்தில் கற்றை போகாமல் மேசையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் அதை வானத்தை நோக்கிப் பிடிக்கக் கூடாது. கீழே சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது என்பதை இந்த மலையில் வாழும் விமான ஆர்வலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வால் துடுப்புகளில் தொடங்கினேன். சிறகுக்கு மேலே சரியாக 90 பாகையில் ஒரு துடுப்பை நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து கற்றையைச் செலுத்தியபோது, அது சிறகில் பட்டு, துடுப்பில் பட்டு, வந்த வழிக்கு இணையாகவே திரும்பியது. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் பாயின்டரைப் பிடித்திருந்தார். “தம்பி, நான் கையை மேலே தூக்கினாலும் கீழே இறக்கினாலும் வெளிச்சம் என் கைக்கே வருது பாருங்க” என்றார். இந்தச் செங்கோண மூலையின் குணமே அதுதான். அதனுடன் மூன்றாவதாக ஒரு செங்குத்துத் தகட்டையும் சேர்த்துவிட்டால், எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அலை வந்த இடத்துக்கே திரும்பும்; பெரிய கப்பல்களின் ரேடாரில் தங்கள் படகு தெரிய வேண்டும் என்பதற்காகவே சிறு படகுக்காரர்கள் இப்படிப்பட்ட மூலைத் தகடுகளைக் கட்டி வைக்கிறார்கள்.

பிறகு எஃப் 22 விமானத்தில் இருப்பதுபோலத் துடுப்பை 28 பாகை வெளிப்பக்கமாகச் சாய்த்தேன். இரண்டு கண்ணாடிகளில் பட்டுத் திரும்பும் கற்றை, அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தைப் போல இரண்டு மடங்கு திரும்பும். ஆகவே 28 பாகை சாய்த்தால், வந்த திசையிலிருந்து 56 பாகை விலகியே கற்றை வெளியேறும். பனியில் அந்தச் சிவப்புக் கோடு நண்பரின் கையைவிட்டு விலகி, கூரையின் கைமரத்தை நோக்கிப் போனதைப் பார்த்தபோது, ஆம்கா படத்தில் சாய்ந்து நிற்கும் அந்த இரட்டை வால்கள் எனக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கின. 2024 டிசம்பரில் சீனாவின் செங்டு நகரத்துக்கு மேலே பறந்த, செங்குத்து வாலே இல்லாத மூன்று எஞ்சின் விமானத்தின் படங்கள் ஏன் அவ்வளவு பரபரப்பை உண்டாக்கின என்பதும் அப்போது புரிந்தது. துடுப்பைக் கழற்றிவிட்டால் மூலையே இல்லை. அதற்கு ஈடாக, திசை திருப்பும் வேலையைச் சிறகு விளிம்பிலுள்ள மடிப்புகளும் கணினியும் ஏற்க வேண்டியிருக்கிறது.

சிறகின் அடியில் சிறிய அட்டைத் துண்டுகளை ஒட்டி, ஏவுகணை தொங்கும் கம்பங்களைப் போல அமைத்தும் பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் ஒரு புதிய மூலையை உண்டாக்கியது, ஒவ்வொரு மூலையும் கற்றையைத் திருப்பி அனுப்பியது. ஆயுதங்களை வயிற்றுக்குள் அடக்கும் அறை ஏன் இந்த விமானங்களுக்கு இன்றியமையாதது என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்தப் பரப்புச் சோதனைகளைவிட விளிம்புச் சோதனைதான் என்னை அதிக நாள் கட்டிப்போட்டது. ரேடார் அலை ஒரு விளிம்பில் படும்போது அங்கிருந்தும் சிதறுகிறது. அந்தச் சிதறலைக் கணக்கிடும் வழியைச் சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்த்செவ் 1962இல் வெளியிட்டார், அமெரிக்க விமானப்படை அதை 1971இல் மொழிபெயர்த்தது, லாக்ஹீட் நிறுவனத்தின் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்து வடிவமைப்புக்குப் பயன்படுத்தினார். இந்தச் சிதறலை என் அட்டை மாதிரி காட்டாது. விமானங்களைக் குறிவைக்கும் 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளம் 3 சென்டிமீட்டர். 1/48 அளவு மாதிரிக்கு அது 0.6 மில்லிமீட்டர் ஆக வேண்டும். நான் பயன்படுத்திய சிவப்பு லேசரின் அலைநீளமோ அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சிறியது. எனவே விளிம்புக்குப் பதிலாக, பளபளப்பான தையல் ஊசியை எடுத்துக்கொண்டேன். ஊசியில் பட்டு ஒளி திரும்பும் கோணக் கணக்கு, விளிம்பில் பட்டு அலை சிதறும் கோணக் கணக்கை ஒத்தது.

ஊசியைக் கற்றைக்குக் குறுக்காக, நேர்செங்கோணத்தில் நிறுத்தினால், ஒளி ஒரு தட்டையான விசிறியாக விரிந்து, வெள்ளையடித்த சுவரில் நேர்கோடாக விழுந்தது; அந்த விசிறியின் ஒரு பகுதி பாயின்டரை நோக்கியே திரும்பியது. ஊசியைச் சாய்த்ததும் நேர்கோடு வளைந்தது. மேலும் சாய்க்கச் சாய்க்க விசிறி ஒரு கூம்பாக மடங்கி, முழுவதுமாக முன்பக்கத்தைவிட்டு நகர்ந்தது. 42 பாகை பின்சாய்ந்த சிறகின் மேல் நேர் எதிரிலிருந்து வரும் அலை, சிறகின் தளத்தில், வந்த திசையிலிருந்து 84 பாகை விலகி, ஏறக்குறைய பக்கவாட்டில் போய்விடுகிறது. எதிரே இருக்கும் ரேடாருக்கு அதில் பங்கில்லை.

அடுத்து மூன்று ஊசிகளை வெவ்வேறு கோணங்களில் தெர்மோகோலில் குத்தி, கற்றையை ஒவ்வொன்றின் மேலும் நகர்த்திப் பார்த்தேன். சுவரில் மூன்று வெவ்வேறு வளைவுகள் விழுந்தன. மூன்றையும் இணையாகக் குத்தியதும் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிட்டத்தட்டப் பொருந்தின. குழுவிலேயே இளையவரான கல்லூரி மாணவர் அதைப் பார்த்ததும், “அண்ணா, அப்ப கதவோட பல்லு, வாலோட விளிம்பு எல்லாமே சிறகுக்கு இணையா இருக்கறதுக்குக் காரணம் இதுதானா?” என்று கேட்டார். ஆமாம், இதுவேதான். விளிம்புகளின் எதிரொலியை முற்றிலும் ஒழிக்க முடியாது. எல்லா விளிம்புகளையும் ஒரு சில திசைகளுக்கு இணையாக்கி, மின்னல்கள் அனைத்தையும் அந்தச் சில திசைகளிலேயே குவித்துவிடலாம். பி 2 குண்டுவீச்சு விமானத்தை மேலிருந்து பார்த்தால், முன்விளிம்பும் ரம்பப் பல் போன்ற பின்விளிம்பும் இரண்டே திசைகளில் அடங்கிவிடும். எஃப் 22 விமானத்தில் கிடைவாலின் முன்விளிம்பும் சிறகின் முன்விளிம்பைப் போலவே 42 பாகை சாய்ந்திருக்கிறது.

அன்றிரவே அளவுகோலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட நேர்மேலிருந்து எடுத்த பழைய எஃப் 22 படம் ஒன்றின் அச்சுப் பிரதியில் கோடுகள் இழுத்தோம். சிறகின் பின்விளிம்பை நீட்டி, கிடைவாலின் பின்விளிம்புக்கு நகர்த்தினால் கோடு அப்படியே உட்கார்ந்தது. எஞ்சின் வாயின் விளிம்புகளும் சக்கர அறைக் கதவுகளின் பற்களும் தனித்தனியாக அமைந்த அலங்காரங்கள் அல்ல என்பது பென்சில் கோடுகளில் வெளிப்படையாகத் தெரிந்தது. அதே முறையை ஆம்கா மாதிரியின் படங்களில் செய்யும்போது, கண்காட்சிக் கூடத்தில் அருகிலிருந்து எடுத்தவை என்பதால் குவியும் கோடுகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்த வேலையை மாணவர் கணினியில் தொடர்ந்துகொண்டிருக்கிறார்.

காற்று உள்ளே போகும் வாயைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுழலும் எஞ்சின் இதழ்கள் ரேடாருக்கு மிகப் பெரிய எதிரொலி தருபவை. அதனால்தான் ஆம்காவுக்குப் பாம்பு போல வளைந்த காற்றுப்பாதை வடிவமைக்கப்பட்டுள்ளது. நேரான ஓர் அட்டைக் குழாயின் கோடியிலும், வளைந்த ஒரு குழாயின் கோடியிலும், வெள்ளி நிறம் பூசிய கணினி மின்விசிறியை மாறி மாறி வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். நேர்க்குழாயில் ஒவ்வொரு இதழும் பளிச்சிட்டது. வளைந்த குழாயில் இதழ் தெரியவில்லை என்றாலும், உட்சுவர் பளபளப்பாக இருந்தவரை ஒளி சுவரில் மோதி மோதி வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. உட்சுவருக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய பிறகே அது அடங்கியது. வளைவு மட்டும் போதாது, அலையை உறிஞ்சும் பூச்சும் சேர வேண்டும். அந்தப் பூச்சு எந்தப் படத்திலும் தெரியாது.

அடுத்ததாகச் செய்ய நினைப்பது, எஃப் 35, ஆம்கா இரண்டிலும் காற்று வாய்க்கு முன்னால் இருக்கும் மேட்டு வடிவத்தை. அதைத் தட்டை அட்டையில் செய்ய முடியாது. கெட்டியான தெர்மோகோலைத் தேய்த்து, புட்டி பூசி வழவழப்பாக்கி, அதன்மேல் கண்ணாடித் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வழி கண்டுபிடிக்க வேண்டும். ஹேர் டிரையரால் சூடாக்கி இழுத்து ஒட்டினால் தாள் படியும் என்று ஃபிட்டர் நண்பர் சொல்லியிருக்கிறார். வரும் வாரம் ஒரு சிறு துண்டில் அதைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம்.