ஒரு வரிக்கு ஒரு ஆள்

ஏழு வருடம் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தேன். அமெரிக்காவின் பழைய ஆவணங்கள் ஸ்கேன் படங்களாக வரும். பெயர், வயது, ஊர் என்று கட்டம் கட்டமாக அடிக்க வேண்டும். தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்களுக்காக இந்த வேலை என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

ஒரு முறை 1850ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கென்று எடுத்த தனிப் பட்டியல் வந்தது. உரிமையாளரின் பெயர் இருந்தது. அதன்கீழ் வயது, பால், நிறம், அவ்வளவுதான். ஆட்களுக்குப் பெயர் இல்லை. 30 வயதுப் பெண், 8 வயதுப் பையன், 4 வயதுப் பெண் குழந்தை என்று வரிகள் ஓடும். தாயும் பிள்ளைகளுமா, வேறு வேறு இடத்தில் வாங்கப்பட்டவர்களா, தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. தப்பி ஓடியவர்களுக்கென ஒரு பத்தி உண்டு. பெரும்பாலும் காலியாகவே இருக்கும். எப்போதாவது அதில் ஒரு கோடு தெரிந்தால் என் விரல் நின்றுவிடும்.

அடுத்து வந்தவை சொத்துப் பட்டியல்கள். முதலாளி இறந்ததும் நிலம், கோவேறு கழுதை, கட்டில், மனிதர் எல்லாவற்றுக்கும் விலை போட்டு எழுதியவை. ஒரு தாளில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும் ஒரே வரியில், ஒரே விலையில் இருந்தார்கள். எங்கள் விதி, ஒரு வரிக்கு ஒரு ஆள். நான்தான் பிரித்தேன். தாய் ஒரு வரி, குழந்தை அடுத்த வரி, குழந்தையின் விலைக் கட்டம் காலி. தரச் சோதனையில் அன்று எனக்கு ஒரு பிழைகூட இல்லை.

வீட்டுக்குப் போயும் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. அப்புறம்தான் படிக்கத் தொடங்கினேன். 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை வந்தது. உள்நாட்டு வியாபாரம் பெருத்தது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற இடங்களிலிருந்து அலபாமா, மிசிசிப்பி பருத்தித் தோட்டங்களுக்குச் சுமார் 10 லட்சம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். முதலாளி செத்தாலோ கடன்பட்டாலோ குடும்பம் சிதறும். ஓடிப்போனவர்களைத் துணிச்சல்காரர்கள் என்று மட்டும் நினைத்திருந்தேன். பலருக்கு விற்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்த பிறகுதான் கால் கிளம்பியிருக்கிறது. பிள்ளைகளோடு ஓடுவதோ மிகக் கடினம். அழுகைச் சத்தம் ஒன்று போதும், பிடித்துவிடுவார்கள். 1830இல் கென்டக்கியிலிருந்து மனைவி, நான்கு பிள்ளைகளோடு கிளம்பிய ஜோசையா ஹென்சன், கடைசி இரண்டு பேரையும் பையில் போட்டு முதுகில் சுமந்தார். அதற்காக முன்கூட்டியே தூக்கிப் பழகியிருக்கிறார். முதுகு புண்ணாகிக் கனடா போய்ச் சேர்ந்தார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியவர் வில்லியம் ஸ்டில். பிலடெல்பியாவில் அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகத்தில் எழுத்தர். என் வேலைக்குப் பக்கத்து வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1850இல் அலபாமாவிலிருந்து பீட்டர் என்று ஒருவர் அவரிடம் வந்தார். சிறுவயதில் பிரிந்த பெற்றோரைத் தேடுவதாகச் சொல்லி அவர்கள் பெயரைச் சொன்னார். அது ஸ்டிலின் அப்பா அம்மா பெயர். எதிரே இருந்தவர் அவர் பார்த்தேயிராத அண்ணன்.

அந்த அம்மா மேரிலாந்தில் நான்கு பிள்ளைகளோடு ஓடிப் பிடிபட்டவர். இரண்டாம் முறை நால்வரையும் கூட்டிப்போக முடியாது என்று தெரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த இரண்டு மகன்களுக்கும் முத்தம் கொடுத்துவிட்டு, மகள்கள் இருவரோடு மட்டும் கிளம்பினார். மகன்கள் தெற்கே விற்கப்பட்டார்கள். ஒருவர் அங்கேயே இறந்தார். பீட்டர் சுமார் 40 ஆண்டுகள் கழித்து, காசு சேர்த்துத் தன்னையே விலைகொடுத்து மீட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன்பின் ஸ்டில், தப்பி வந்தவர்களிடம் பெற்றோர் யார், விட்டுவந்த பிள்ளைகள் யார், பழைய பெயர் என்ன, புதுப் பெயர் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பிடிபட்டால் எல்லோருக்கும் ஆபத்து என்று அந்த ஏடுகளை ஒளித்து வைத்தார். 1872இல் புத்தகமாக வெளியிட்டார்.

இதைப் படித்த மறுநாள் டீம் லீடரிடம் போனேன். “சார், குறிப்பு எழுத ஒரு கட்டம் வேணும். சேர்ந்திருந்தவங்களைச் சேர்ந்திருந்தாங்கன்னு எழுதணும்.” அவர் மேலே கேட்டார். இரண்டு வாரத்தில் கட்டம் வந்தது.

உடனே அந்தத் தாயும் குழந்தையும் இருந்த தாளைத் தேடினேன். அந்தத் தொகுதி ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது. இனித் திறக்காது என்றார்கள்.