பாயான் லெப்பாஸுக்கு எப்போதாவது ஒரு நாள்

பணி ஓய்வு பெற்றதில் எனக்குப் பரம சந்தோஷம். மலேசியாவில் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 ஜூலை 1-இல்தான். அதற்கு முன் பல இடங்களில் 55-லேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூடுதலாகக் கிடைத்த ஐந்து வருடத்தில் என் வீட்டுக்கடன் அடைந்தது. பெரிய நிம்மதி.

இப்போது ஷிப்ட் கிடையாது. பினாங்குத் தெருவில் நிதானமாகப் பசியாறிவிட்டு, பேப்பரை முழுசாகப் படிக்கிறேன். இரவில் தூங்குகிறேன், ஷிப்டில் உழன்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்!

எப்போதாவது, பினாங்கின் பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த பழைய தொழிற்சாலையிலிருந்து, "அங்கிள், கம்ப்ரசர் சத்தம் சரியில்லை, வந்து பார்க்கிறீங்களா?" என்று போன் வரும். ஸ்க்ரூடிரைவர் முனையை, அதன் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். நல்ல பேரிங் ஒரே சீராக ரீங்கரிக்கும், தேய்ந்தது கரகரக்கும். பக்கத்தில் நிற்கும் பையனையும் கேட்கச் சொல்வேன். அவன் முகம் மலரும்போது மனசு நிறைந்துவிடும். சம்பளத்தைவிட எனக்கு அது பெரிது.

அடுத்த வாரமும் கூப்பிட்டிருக்கிறார்கள். புதன்கிழமை பேரனுக்கு நீச்சல் வகுப்பு, வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.