எச்டிடிபி கேள்விக்குப் பெட்டியும் அம்பும் மட்டும் போதாது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிசிஏ, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்கு: தேர்வில் எச்டிடிபியை, அதாவது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறையை, விளக்கச் சொன்னால், இரண்டு பெட்டி, நடுவில் அம்பு என்று வரைந்து நிறுத்தாமல், போகிற செய்தியையும் வருகிற செய்தியையும் வரி வரியாக எழுதிக் காட்டுங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் தளம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதலில், தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் மூலம் ஐபி முகவரி கிடைக்கும். பிறகு, பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி இணைப்பு. எச்டிடிபிக்கு போர்ட் 80, எச்டிடிபிஎஸ் என்றால் 443, அதோடு செய்தியை மறையாக்கும் டிஎல்எஸ்ஸும் உண்டு. இதுவரை எச்டிடிபி வாயே திறக்கவில்லை. பலர் இந்த வரிசையைத்தான் மாற்றி எழுதுகிறார்கள்.

கோரிக்கையின் முதல் வரி: கெட் ('கொடு' என்று கேட்பது), பாதை, எச்டிடிபி/1.1. அடுத்து ஹோஸ்ட் வரி. 1.1-இல் இது கட்டாயம், விட்டால் 400, அதாவது 'கோரிக்கையே தவறு' என்று திரும்பும். ஒரே ஐபியில் பல தளங்கள் குடியிருக்கும். பல புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள், இருக்கிற வளவு வீட்டுக்குக் கதவு எண்ணை மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் யார் கையில் கொடுப்பது? ஹோஸ்ட் சொல்வது அந்தப் பெயரைத்தான். கடைசியில் ஒரு வெற்று வரி. அது வராதவரை இன்னும் ஏதோ வரப்போகிறது என்று சர்வர் காத்துக்கொண்டே இருக்கும்.

பதிலில் 200 ஓகே ('கேட்டது சரி' என்னும் நிலை எண்), கன்டென்ட்-டைப் (உள்ளடக்கத்தின் வகை), கன்டென்ட்-லெங்த் (அதன் நீளம்), வெற்று வரி, அப்புறம் உள்ளடக்கம். லெங்த் என்பது பைட் கணக்கு. இதைக் கட்டாயம் எழுதுங்கள். 'காரைக்குடி' பார்வைக்கு 5 எழுத்து. மெய்ப்புள்ளியையும் துணைக்குறிகளையும் தனியாக எண்ணும் யூனிகோடில் 10 குறியீடு. யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 30. நிரலில் 10 என்று போட்டால் பிரவுசர் 'கார' வரை படித்து, அடுத்த குறியீட்டின் நடுவில் அறுந்துபோகும். கூடுதலாகப் போட்டால் வராத பைட்டுக்காகக் காத்திருக்கும்.

நிலை எண் 404 ('கேட்டது இங்கே இல்லை') என்றால் சர்வர் படுத்துவிட்டது என்று எழுதாதீர்கள். பதில் சொன்னதே சர்வர்தான். 401 'யார் நீ', 403 'உனக்கு அனுமதியில்லை', 304 'உன்னிடம் உள்ள பிரதியே போதும்'.

எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. கூடையில் போட்ட டைல்ஸ் யாருடையது என்று அடுத்த கோரிக்கையில் தெரிய, சர்வர் செட்-குக்கி வரியில் கொடுத்த சிறு குறிப்பை பிரவுசர் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்ப வேண்டும்.

2022-இல் தரநிலையாக ஏற்கப்பட்ட எச்டிடிபி/3, டிசிபியை விட்டு, யுடிபி என்ற எளிய அனுப்பும் முறையின் மேல் ஓடும் 'குவிக்' விதிமுறையைப் பயன்படுத்துகிறது. இதற்கு ஒரு வரி போதும்.

லேபில், பிரவுசர் இல்லாமலே கோரிக்கை அனுப்பும் கர்ல் கட்டளையை '-வி' சேர்த்து, சாதாரண எச்டிடிபி முகவரிக்கு ஓட்டிப் பாருங்கள். '>' போட்டவை நாம் அனுப்பியவை, '<' போட்டவை வந்தவை. எதுவும் இல்லாமல் தனியாக நிற்கும் '>' ஒன்று தெரியும். அதுதான் அந்த வெற்று வரி.