பேட்ச் இரவில் க்ராலை என்ன செய்வது?
க்ரால் என்றால், கோப்புகள் தேடலில் கிடைப்பதற்காகத் தேடல் சேவை அவற்றைப் படித்துப் பட்டியலிடுவது. மைக்ரோசாஃப்டின் ஆவணத் தள மென்பொருளான ஷேர்பாயின்ட் 2013-இல் வந்த கன்டினியூவஸ் (தொடர்) க்ரால் எனக்கு ரொம்பப் பிடித்த வசதி. ஏற்றிய கோப்பு, டீ குடித்துவிட்டு வருவதற்குள் தேடலில் கிடைப்பது சின்ன விஷயமில்லை. இயல்பாக 15 நிமிடத்துக்கு ஒரு க்ரால் கிளம்பும், முந்தையது முடியவில்லை என்றாலும் காத்திருக்காது. சர்வர்களுக்குப் பேட்ச் (மென்பொருள் திருத்தம்) போடும் இரவில் சிக்கலே இதுதான், ஏனென்றால் இதை நடுவில் நிறுத்திவைக்க முடியாது, அணைக்கத்தான் முடியும்.

ஒரு ஞாயிறு இரவு சர்வர்கள் ஒவ்வொன்றாக ரீபூட் ஆக ஆக, க்ரால் பதிவில் பிழைகள் மளமளவென்று ஏறியதைப் பார்த்தபோது வயிறு கலங்கிவிட்டது. அப்புறம் வழக்கத்தை மாற்றினேன். அரை மணி நேரம் முன்பே பவர்ஷெல்லில் (கட்டளை தட்டும் கருவி) தேடல் சேவையையே சஸ்பெண்ட் செய்து, தற்காலிகமாக நிறுத்திவிடுவேன், பயனர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பேட்ச் முடிந்து தளங்கள் பிரவுசரில் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று நானே பார்த்த பிறகுதான் ரெஸ்யூம்.

விட்டுப்போன பிழைகளை, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் இன்க்ரிமென்டல் க்ரால் (முழுவதையும் படிக்காமல் மாறியவற்றை மட்டும் படிப்பது) எடுத்துக்கொள்ளும். ஃபைல் ஷேர்களுக்கு (நெட்வொர்க்கில் பகிரும் கோப்புறைகள்) கன்டினியூவஸ் கிடையாது, அவற்றின் க்ரால் நேர அட்டவணையைத் தனியாகப் பேட்ச் நேரத்துக்குப் பின்னால் தள்ளிவையுங்கள்.