இது கொழம்புக்கு இல்லக்கா

ஐப்பசி மழை ரெண்டு நாள் விட்டுவிட்டுப் பெய்தால் போதும், மாதவரத்தில் எருக்குவியல் மேலேயும் வியாசர்பாடி திடல் புல்லிலேயும் காளான் தலைகாட்டிவிடும். ஹெர்பேரியத்துக்கு (உலர்த்திய மாதிரிகளை ஆய்வுக்காகச் சேர்த்துவைக்கும் இடம்) மாதிரி எடுக்கலாம் என்று கத்தியும் ஸ்கேலுமாகக் குந்தினால் முதலில் சேருவது கூட்டம்தான். "இன்னா சார், மோதிரம் கீதிரம் வுட்டுட்டியா?" என்பார் ஒருவர். "மொளகு தூக்கலா கொழம்பு வெச்சிப் பாரு" என்பார் பூ கட்டுகிற அக்கா. பதில் சொல்லிக்கொண்டே படத்தை முடித்துவிட வேண்டும்: முளைத்த இடத்திலேயே மேல்பக்கம், செவுள் (தலைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள்), காம்பு. பக்கத்தில் ஸ்கேலும் சேகரிப்பு எண் எழுதின சீட்டும் இருக்க வேண்டும்.

பிடுங்கவே கூடாது. காம்பைச் சுற்றிக் கத்தி இறக்கி மண்ணோடு நெம்ப வேண்டும். அமானிட்டா என்கிற காளான் வகைக்கும் வைக்கோல் காளானுக்கும் அடியில் கிண்ணம் போல ஒரு உறை உண்டு. புற்றுக்காளானுக்கு வால் கரையான் கூடுவரை இறங்கும். அது அறுந்தால் அடையாளத்தில் பாதி போச்சு. "நான் எட்துத் தரேன் அங்கிள்" என்று வருகிற பையன் தலையை மட்டும் கிள்ளிக் கொடுப்பான். அவன் கையில் ஸ்கேலைக் கொடுத்துவிடுங்கள்.

கேரி பேக் வேண்டாம். வியர்த்து, பஸ் மூலக்கடை தாண்டுவதற்குள் கூழாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி பேப்பர் கவர். எருவில் வருகிற மைக்காளான் எதில் வைத்தாலும் சில மணி நேரத்தில் தன்னைத்தானே கரைத்துக்கொண்டு கருப்பாக ஒழுகும். கெட்டுப்போகவில்லை, அதன் சுபாவமே அதுதான். விரியாத மொட்டாகப் பார்த்து எடுத்து அன்றைக்கே உலர்த்தணும்.

தேதி, ஜிபிஎஸ், மணம், நசுக்கினால் நிறம் மாறுகிறதா, எல்லாம் பச்சையாக இருக்கும்போதே எழுத வேண்டியவை. காய்ந்த பிறகு நிறமும் இருக்காது, மணமும் இருக்காது. "மரத்தடி" என்று எழுதிவைப்பவர்களை என்ன சொல்வது? வேம்பா, தூங்குமூஞ்சியா, உயிரோடு நிற்கிறதா, பட்டதா?

ராத்திரி வித்துத்தூள் அச்சு, அதாவது செவுளிலிருந்து உதிரும் தூள் தாளில் பதியும் தடம். காம்பை நறுக்கி, பாதி வெள்ளை பாதி கருப்புத் தாளில் செவுள் கீழே இருக்கும்படி வைத்து, டம்ளரைக் கவிழ்த்து 6 முதல் 12 மணி நேரம் விடணும். காலையில் காபிக்கு டம்ளர் தேடுகிறவர்கள் கைக்கு எட்டாத இடமாகப் பாருங்கள். திடல் புல்லில் வரும் பெரிய வெள்ளைக் காளான் பெரும்பாலும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். இளசில் செவுள் வெள்ளைதான், ஆனால் வித்துத்தூள் அச்சு பச்சை. சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, பேதி. அந்தப் பச்சைத் தாளை அக்காவிடம் காட்டினால் கொழம்புப் பேச்சு நிற்கும்.

உலர்த்துவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மழைக்கால வெயிலை நம்பி மொட்டை மாடியில் வைத்தால் காயுமுன் புழு முந்திக்கொள்ளும். இலை மாதிரி புத்தகத்தில் வைத்து அழுத்தினால் செவுள் ஒட்டிப்போகும். காற்றோட்டமுள்ள டிரையரில் 40–45 டிகிரி. தடித்ததை நீளவாக்கில் பிளந்து வையுங்கள். அவசரப்பட்டு 60-க்கு ஏற்றினால் வெந்துவிடும். ஒடித்தால் அப்பளம் போல நொறுங்கணும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

எடுத்த சூட்டோடு சிலிக்கா ஜெல்லுடன் ஜிப் கவரில் மூடுங்கள். காசிமேட்டுக் காற்றில் அரை நாள் கிடந்தாலே மறுபடி நமுத்துவிடும். பிறகு வண்டு முட்டை சாக, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். வீட்டு ஃப்ரீசர் என்றால் வஞ்சிரத் துண்டுக்குப் பக்கத்தில் வைக்காமல், "சமைக்காதே" என்று பெரிதாக எழுதி வையுங்கள். கவருக்குள்ளும் ஒரு சீட்டு, அது பென்சிலில். ஜெல் பேனா ஈரத்தில் கலங்கினால் சேகரிப்பு எண் 17-ஆ 11-ஆ என்று காளானிடம்தான் கேட்கணும்.