வடக்கு வானமும் வாடகைப் பங்கும்

சனிக்கிழமை காலை சட்னி தாளிக்கிற நேரத்தில் ஃப்ளோரிடாவிலிருந்து ஆச்சி வீடியோ கால் (எங்கள் பக்கத்தில் அக்காவைத்தான் ஆச்சி என்போம்). அங்கே வெள்ளி ராத்திரி பத்தரை மணி. ஜாக்சன்வில் பக்கத்துக் கடற்கரையில் நின்றுகொண்டு, போனை மேலே தூக்கி வானத்தைக் காட்டினார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டும், அதன் நடுவில் அயித்தான் தலையின் வழுக்கையும்தான். அப்புறம் போட்டோ வந்தது. வானம் முழுக்க ரோஸ், ஓரத்தில் கத்தரிப்பூ நிறம். அரோரா என்கிற துருவ ஒளியாம்.

"கண்ணுக்கு இவ்வளவு கலர் இல்லப்பா, லேசாச் செவப்பா இருக்கு. போன்தான் நைட் மோடுல கொஞ்ச நேரம் வெளிச்சத்தைச் சேத்து வச்சு இப்படிக் காட்டுது" என்று ஆச்சி நேர்மையாகச் சொல்லிவிட்டார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அப்பத்தாவுக்கு வேறு கவலை.

"நேத்து அட்சய திருதியை. ஒரு குண்டுமணி தங்கமாவது வாங்குனியா, வானத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டியா?"

"இங்க இன்னும் அட்சய திருதியை முடியலை அப்பத்தா. ஆனா கடை பூட்டியாச்சு."

பவுன் 50,000 ரூபாயைத் தாண்டிய வருஷத்திலும் அப்பத்தாவுக்கு அந்த ஒரு விஷயத்தில் தளர்வு கிடையாது. துருவத்தில் தெரிகிற வெளிச்சம் ஃப்ளோரிடா வரை இறங்கி வந்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பேத்தி வெறுங்கையோடு வீடு திரும்பியதுதான் செய்தி.

பத்து மணிக்குள் பெரியப்பா குடும்பக் குழுவை நிரப்பிவிட்டார். வழக்கமாக அவர் அனுப்புகிறதில் வெந்தயத் தண்ணீரைத் தவிர வேறெதையும் நான் நம்புவதில்லை. ஆனால் அந்த 2024 மே 10 புயல் விஷயத்தில் மட்டும் அத்தனையும் உண்மையாகிப்போனது. 2003-க்குப் பிறகு வந்த பெரிய சூரியப் புயல், உண்மை. சூரியனில் 3664 என்று எண் கொடுத்த கரும்புள்ளிக் கூட்டம், குறுக்கே சுமார் 15 பூமிகளை அடுக்கலாம், உண்மை. லடாக்கில் ஹான்லே வானாய்வகத்துக் கேமராவில் வானம் சிவந்தது, அதுவும் உண்மை. இத்தனை உண்மையைக் கையில் கொடுத்தால் மனுஷர் சும்மா இருப்பாரா?

"லடாக்கில தெரிஞ்சா கானாடுகாத்தான்ல தெரியாதா? இன்னைக்கு ராத்திரியும் புயல் இருக்குங்கறான். எல்லாரும் மொட்டை மாடிக்கு வந்துருங்க."

நான் சொல்லிப் பார்த்தேன். சூரியனிலிருந்து வரும் துகள்கள் மேலே காற்றில் மோதி எழுகிற அந்த ஒளி, காந்தத் துருவத்தைச் சுற்றி வளையமாக விழுவது. புயல் பெருத்தால் வளையமும் அகலமாகித் தெற்கே இறங்கும். வடக்குக் காந்தத் துருவத்தின் சாய்வு அமெரிக்கா பக்கம் இருப்பதால் அவர்களுக்கு யோகம். உலகப் படத்தில் பார்த்தால் ஜாக்சன்வில் ஹான்லேக்கும் தெற்கேதான் இருக்கிறது, ஆனாலும் அதிர்ஷ்டம் ஜாக்சன்வில்லுக்குத்தான். நமக்கோ காந்த நடுக்கோடே தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. உலகத்திலேயே இதைப் பார்க்க ஆகாத இடம் என்று தேடினால் நம்ம ஊர் முதல் வரிசையில் வரும்.

"1872-ல பம்பாயில தெரிஞ்சிருக்கு. அதே சமயம் நம்ம பாட்டையா பர்மாவுக்குக் கப்பல்ல போயிருக்காக. அவுக பாத்திருப்பாக" என்றார் பெரியப்பா. பிப்ரவரி 4, 1872-இல் பம்பாயில் தெரிந்ததாகப் பதிவு இருப்பது நிஜம். பாட்டையா கப்பலில் போனதற்கு ஆதாரம் பெரியப்பா மட்டும்தான். சூரியனைப் பார்க்கத்தான் 1899-லிருந்து கொடைக்கானலில் ஆய்வகம் இருக்கிறதே, வாங்க அங்கேயாவது போவோம் என்றேன், வெயிலுக்கும் ஆச்சு என்ற நினைப்பில். கொடைக்கானல் போக இ-பாஸ் வேணும் என்று அந்த வாரம் 7-ஆம் தேதியிலிருந்துதான் ஆகியிருந்தது. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

கத்தரி வெயில் குடித்த தளம் ராத்திரி ஒன்பது மணிக்கும் காலைச் சுட்டது. பாய், தலையணை, செம்பில் தண்ணீர், ஒரு தூக்குச் சட்டி நிறைய சீயம் எல்லாம் மேலே ஏறின. அப்பத்தாவை ஏற்றியதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். திருமயம் கோட்டையில் பீரங்கி ஏற்றியவர்கள்கூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டார்கள். எதிர்வீட்டு அயித்தை, அவர் வீட்டுக்கு லீவுக்கு வந்த பிள்ளைகள், பால்காரர் வரைக்கும் ஆஜர். எல்லாரும் வடக்கே பார்த்து உட்கார்ந்தோம்.

பத்தரை இருக்கும். வடக்குத் தெரு ஓட்டுக்கூரைகளுக்குப் பின்னால் வானம் பச்சையாக எழும்பியது.

சத்தியமாகப் பச்சை. பின்னாலேயே ஊதா. இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி குபுகுபுவென்று ஆவி கிளம்பி, அதற்குள் அந்த வெளிச்சம் அலைந்தது. அயித்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரியப்பா படம் எடுத்து ஃப்ளோரிடாவுக்கு அனுப்பிவிட்டார். "எங்களுக்குப் பச்சையே தெரியலையே" என்று ஆச்சி பொறாமையோடு பதில் போட்டார்.

"தூரத்திலிருந்து பார்த்தா 200 கிலோமீட்டருக்கு மேலே இருக்கிற சிவப்புத்தான் தெரியும். பச்சை 100 சொச்சம் கிலோமீட்டர்லயே நின்னுரும். நமக்குப் பச்சை தெரியணும்னா அது நம்ம தலைக்கு மேலேயே நடக்கணும்" என்றேன்.

"அப்ப தலைக்கு மேலதான்" என்றார் பெரியப்பா, தலையைத் தடவிக்கொண்டே.

அந்த நேரம் பார்த்து வானத்திலிருந்து "லைட்ஸ் ரெடியா?" என்று மைக்கில் ஒரு குரல் கேட்டது. தொடர்ந்து ஜெனரேட்டர் சத்தம், ஒரு பாட்டின் பல்லவி மட்டும் திரும்பத் திரும்ப.

முதலில் புரிந்துகொண்டது அப்பத்தா. "அது நம்ம வடக்கு வீடுல்ல?"

அவ்வளவுதான், சூரியன், லடாக், ஃப்ளோரிடா எல்லாம் போயிற்று. வடக்கு வீடு எங்கள் பங்காளிகள் எல்லாருக்கும் பொது. போன வருஷம் முன்னோர் படைப்புக்குச் சாவி கேட்டபோது, ரெண்டாங்கட்டு ஒழுகுது, உத்தரம் எப்ப விழும்னு தெரியாது, உயிருக்கு ஆபத்து என்றார்கள். உயிருக்கு ஆபத்தான வீட்டில்தான் இப்போது நாற்பது பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். வாடகை எவ்வளவு, யார் வாங்கியது, எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்குப் பிரித்தது? சாவி வைத்திருக்கிறவர் போனை எடுக்கவில்லை. குழுவில் அந்தப் பச்சை வானப் படம் மறுபடி வந்தது, இந்தத் தடவை "ஆதாரம்" என்ற தலைப்போடு.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரில் கேட்கப் போனார். முகப்பிலேயே ஒரு பையன் மறித்து, உள்ளே விட முடியாது, யார் நீங்க என்று கேட்டிருக்கிறான். பெரியப்பா பாட்டையாவில் ஆரம்பித்து வம்சத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் வந்து, வேட்டியையும் விபூதியையும் மேலும் கீழும் பார்த்து, கல்யாண சீன், பெரியவர் ஒருத்தர் குறையுது, கொஞ்சம் நிக்கிறீங்களா என்று கேட்டிருக்கிறார்.

திரும்பி வரும்போது மணி ரெண்டு. கையில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் 500 ரூபாயும். வடக்கு வீட்டு வாடகையில் எங்கள் வீட்டுக்கு இதுவரை வந்து சேர்ந்த தொகை அதுதான்.

"அதுல பாதி தம்பிக்குச் சேரணும்" என்று அப்பத்தா தீர்ப்புச் சொல்லியாயிற்று. பெரியப்பா இன்னும் தரவில்லை.