சித்தப்பா அனுப்பிய மருந்துச் சீட்டு

2021 மே, முழு ஊரடங்கு போட்ட வாரம். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே கொரோனா என்று உறுதியாகிவிட்டது. அன்று ராத்திரி சித்தப்பா வாட்ஸ்அப்பில் ஒரு மருந்துச் சீட்டை அனுப்பினார். யாருக்கோ எழுதியது, பேர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் படம் எடுத்திருந்தார்கள். "எங்க தெருவுல நாலு பேர் இதைச் சாப்பிட்டுத்தான் எழுந்தாங்க. உடனே வாங்கிக் கொடுப்பா" என்றார். அண்ணி மேல் அவருக்கு அவ்வளவு பாசம்.

ஐந்தாறு மாத்திரைகளில் ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கோ பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சரி, இந்த ஒரு பெயரையாவது பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

செய்திகள் எல்லாம் 'உயிர் காக்கும் மருந்து' என்றன. யாருடைய உயிரை என்பதுதான் தலைப்பில் இல்லை. ஒரு செய்தியில் ஆய்வின் பெயர் கிடைத்தது: ரெக்கவரி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தியது. அதைப் பிடித்துக்கொண்டு மூலக் கட்டுரைக்கே போனேன். பாதி புரியவில்லை. ஆனால் முடிவுகள் இருந்த மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 28 நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அது: வென்டிலேட்டரில் இருந்தோரில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 41.4 சதவீதம், இந்த மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 29.3. ஆக்ஸிஜன் மட்டும் வைத்திருந்தோரில், அதே வரிசையில், 26.2, 23.3. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களில் 14, 17.8. கடைசி வரியில் மருந்தால் பலன் இருந்ததற்கு ஆதாரமே இல்லை.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டர், அம்மாவுக்கு 97 காட்டிக்கொண்டிருந்தது; ஆக்ஸிஜன் வைக்கத் தேவையில்லை. அவர் அந்தக் கடைசி வரியில் இருந்தார்.

பெரிய இதழில் வந்தது என்பதற்காக மட்டும் நம்ப மனமில்லை. முந்தைய வருடம் லான்செட் என்ற பெரிய மருத்துவ இதழில், கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டே வாரத்தில் திரும்பப் பெற்றார்களே. அதனால் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலையும் பார்த்தேன். நோய் தீவிரமாகாதவர்களுக்கு ஸ்டீராய்டு வேண்டாம் என்றே அதிலும் இருந்தது. காலையில் அம்மாவின் சர்க்கரை டாக்டருக்குப் போன் செய்தேன். "இப்போ வேண்டாம். 94க்குக் கீழே இறங்கினா ஒரு நிமிஷம் தாமதிக்காம கூப்பிடுங்க" என்றார். இறங்கவில்லை.

அந்த மூன்று வரிகளையும் தமிழில் எழுதி சித்தப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "நான் பதினோரு பேருக்கு அனுப்பிட்டேனேப்பா" என்றார், குரல் தழுதழுக்க. அப்புறம் சாயங்காலம் வரை ஒவ்வொருவராக அழைத்து, "ஆக்ஸிமீட்டர்ல எவ்வளவு காட்டுது? டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்.